இரும்பில் எழுதாத பெயர்கள்



பள்ளி விடுமுறை வந்தால் நான் எங்கே போகிறேன் என்பது பாலோ வட்டாரத்தில் பலருக்கும் தெரிந்த செய்திதான். கையில் நிழற்படக் கருவி, தோளில் முக்காலி, காலில் முழங்கால்வரை உயர்ந்த ரப்பர்க் காலணி. இந்தக் கோலத்தில் கைவிடப்பட்ட பழைய ஆலைகளைத் தேடிப் போகிறேன். "வாத்தியார் பழைய இரும்பு வியாபாரம் தொடங்கிட்டாரு" என்று கடைத்தெருவில் கேலி செய்வார்கள். "துருப்பிடித்த இரும்பில் என்ன சார் இருக்கிறது?" என்று என் மாணவர்களும் கேட்பதுண்டு. கேலிக்கு விடை தேவையில்லை. மாணவர்களின் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

பாலோ, ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை செல்லும் இருப்புப்பாதை 1909ஆம் ஆண்டில் நிறைவு பெற்றது. அந்தப் பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் செல்கிறது. இன்று ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை செம்பனையே தெரிகிறது. எங்கள் பாட்டன் பாட்டி காலத்தில் இங்கெல்லாம் நின்றது பால்மரம். இருப்புப்பாதை வழியாக இயந்திரங்கள் வந்தன. அதே பாதை வழியாக ரப்பர் போயிற்று. அந்த இயந்திரங்களில் சில இன்னும் செம்பனைக் காட்டுக்குள்ளே கொடி படர்ந்து கிடக்கின்றன.

தோட்டத்து ரப்பர் ஆலையை நம்மவர்கள் 'ஸ்டோர்' என்றுதான் சொல்வார்கள். "அப்பா ஸ்டோர்ல வேலை" என்றால் அவர் பண்டக சாலையில் இருந்தார் என்று இன்றைய பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அவர் பால் காய்ச்சும் இடத்தில், உருளைகளுக்கு நடுவே, புகைக்கு அருகில் நின்றார் என்பதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஆலை எப்படி இயங்கியது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை தெரியாமல் இயந்திரத்தைப் பார்த்தால் வெறும் இரும்புதான் தெரியும்.

விடியற்காலையில் பெரட்டு முடிந்து மரம் வெட்டப் போனவர்கள், மங்குகளில் வடிந்த பாலை வாளிகளில் சேர்த்து முற்பகலில் ஸ்டோருக்குக் கொண்டுவருவார்கள். பாலை வடிகட்டித் தண்ணீர் கலந்து நீண்ட தொட்டிகளில் ஊற்றுவார்கள். அதில் சிறிதளவு ஃபார்மிக் அமிலம் சேர்ப்பார்கள். தொட்டியின் குறுக்கே அலுமினியத் தகடுகளைச் செங்குத்தாகச் செருகிவைப்பார்கள். மறுநாள் பால் தயிர்போல் உறைந்து, தகடுகளுக்கு இடையில் வெண்ணிறக் கட்டிகளாக நிற்கும். அக்கட்டிகளை இணை உருளைகளுக்கு நடுவே விட்டுப் பிழிவார்கள். முன்னால் உள்ள உருளைகள் வழவழப்பானவை. ஓர் இணையைத் தாண்டி அடுத்ததற்குப் போகப் போக இடைவெளி குறைந்துகொண்டே வரும். கடைசி இணையில் மட்டும் வரிப்பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். ரப்பர் ஷீட்டில் நாம் பார்த்த அந்த வரிகள் இங்குதான் விழுந்தன. வரி விழுந்தால் ஷீட்டின் மேற்பரப்பு கூடும், விரைவில் உலரும், அடுக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது. பிறகு மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, விறகுப் புகையில் நான்கைந்து நாள் உலர்த்துவார்கள். புகை பட்ட ஷீட்டில் பூஞ்சை பிடிப்பதில்லை.

இத்தனை உருளைகளையும் ஒரே இயந்திரம் ஓட்டியது. ஆலையின் ஒரு மூலையில் எண்ணெயால் இயங்கும் பெரிய எஞ்சின் நிற்கும். அதன் சுழற்சி கூரையடியில் ஓடும் நீண்ட இரும்புத்தண்டுக்குப் போகும். தண்டிலிருந்து ஒவ்வோர் உருளை இணைக்கும் தோல்வார் இறங்கும். எஞ்சின் நின்றால் ஆலை முழுவதும் நிற்கும். எஞ்சினின் சத்தம் மாறினால் லயத்து வீட்டிலிருந்தபடியே "இன்னைக்கு மிஷினுக்குச் சுகமில்ல" என்று சொல்லக்கூடியவர்கள் இருந்தார்களாம்.

இவை ஏன் நின்றுபோயின? 1965ஆம் ஆண்டில் மலேசியத் தரக்குறியீட்டு ரப்பர் என்ற முறை அறிமுகமானது. ஷீட்டுக்குப் பதிலாக, ஆய்வகத்தில் சோதித்துத் தரம் குறித்த ரப்பர்க் கட்டிகளை விற்கும் வழக்கம் வந்தது. பல தோட்டங்களின் பாலும் ஒட்டுப்பாலும் பெரிய ஆலைகளுக்குப் போகத் தொடங்கியதால், தோட்டந்தோறும் ஒரு ஸ்டோரும் புகைவீடும் தேவைப்படவில்லை. அதன்பின் செம்பனை வந்தது. 1990ஆம் ஆண்டுக்குள் நாட்டில் செம்பனையின் பரப்பு ரப்பரின் பரப்பை மிஞ்சிவிட்டது. பால்மரத்தை வெட்டிச் சாய்த்த இடத்தில் உருளைகளுக்கு என்ன வேலை?

இனி என் படங்களுக்கு வருகிறேன். எங்கள் ஊருக்கு அருகில் ஒரு பழைய ஆலை இருந்தது. தோட்ட நிருவாகத்திடம் முறைப்படி அனுமதி பெற்று, அங்கே எஞ்சின் ஓட்டிய பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, மூன்று முறை போனேன். கூரையின் ஒரு பாதி விழுந்திருந்தது. உள்ளே நுழைந்தவுடன் பெரியவர் கைத்தடியால் தரையைத் தட்டினார். "வாத்தியாரே, நான் வெச்ச எடத்துல கால் வையுங்க. கீழ தண்ணி போற வாய்க்கால் இருக்கு, மேல பலகை மக்கிப்போச்சு" என்றார். நாற்பது ஆண்டு கழித்தும் அவர் கால் வழி மறக்கவில்லை.

எஞ்சினின் பக்கத்தில் எழுத்துகள் இருந்தன. ரஸ்டன் ஹார்ன்ஸ்பி, லிங்கன். உருளைகளைத் தாங்கிய சட்டத்தில் வேறு எழுத்துகள். டேவிட் பிரிட்ஜ், காசில்டன். முன்னது 1918ஆம் ஆண்டில் இரண்டு நிறுவனங்கள் இணைந்து உருவான ஆங்கிலேய எஞ்சின் நிறுவனம். பின்னது இங்கிலாந்தின் லங்காசயர் பகுதியில் ரப்பர் இயந்திரங்கள் செய்தது. இந்த எழுத்துகள் இரும்பின்மேல் வெட்டப்பட்டவை அல்ல. முதலில் மரத்தில் மாதிரி செய்து, அதன்மேல் எழுத்துகளை ஒட்டி, ஈர மணலில் அழுத்தி அச்செடுப்பார்கள். அந்தப் பள்ளத்தில் உருகிய இரும்பை வார்த்தால், சட்டமும் எழுத்தும் ஒரே உடலாகப் பிறக்கும். ஆகவேதான் வார்ப்பிரும்பில் பெயர் புடைத்து நிற்கிறது. வண்ணம் போனாலும் அது போவதில்லை. துரு ஏறினாலும் விரல் நுனியால் தடவிப் படிக்கலாம்.

அந்த எழுத்துகளைப் படமெடுக்க நேரம் பார்க்க வேண்டும். நேர் எதிரே இருந்து ஒளி விழுந்தால் எழுத்தும் பின்புலமும் ஒரே துருநிறமாகிவிடும். காலை எட்டு மணிக்கு வெயில் பக்கவாட்டில் சாய்ந்து வரும்போது ஒவ்வோர் எழுத்தும் தன் நிழலைப் பக்கத்தில் கிடத்தும். அப்போது எடுக்க வேண்டும். கருவியில் உள்ள மின்னொளி உதவாது. இருண்ட ஆலைக்குள் முக்காலியில் நிறுத்தி, அரை நொடி, ஒரு நொடி என்று திறந்துவைத்தால் ஆழம் கிடைக்கும். எழுத்துத் தெரியவேண்டும் என்று துருவைச் சுரண்டக் கூடாது. நாம் பார்க்க வந்தவர்கள்; பொருளுக்கு வயதானதை மறைக்க வந்தவர்கள் அல்லர்.

பழைய ஆலைகளைப் படமெடுப்பதை ஒரு பெரும்பணியாகச் செய்தவர்கள் ஜெர்மானியத் தம்பதியரான பெர்ண்ட் பெக்கரும் ஹில்லா பெக்கரும் ஆவர். 1959ஆம் ஆண்டில் தொடங்கி ஊதுலைகளையும் தண்ணீர்க் கோபுரங்களையும் சுரங்கக் கோபுரங்களையும் பல பத்தாண்டுகள் படமெடுத்தார்கள். மேகம் மூடிய வானம், நிழல் விழாத ஒளி, நேர்முகமான கோணம். ஆள் நடமாட்டமே இல்லாத படங்கள். ஒரே வகைக் கட்டடத்தின் பல படங்களை வரிசையாக அடுக்கிக் காட்டினார்கள். இயந்திரத்தின் வடிவத்தை இவ்வளவு பொறுமையோடு பார்த்தவர்கள் குறைவு. அவர்களிடமிருந்து பொறுமையைக் கற்றுக்கொண்டேன். ஆனால் ஆளில்லாத படம் எங்கள் தோட்டத்துக்குப் போதாது என்று எனக்குத் தோன்றியது. அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்றால், இரும்பின்மேல் இருந்த அதே எழுத்துகளிலிருந்துதான்.

காசில்டனில் வார்த்தவர் பெயர் இருக்கிறது. இங்கே அதைச் சுற்றியவர் பெயர் எங்கே? கங்காணி வழியாகவும், 1907ஆம் ஆண்டில் ஏற்பட்ட இந்தியக் குடியேற்ற நிதியின் செலவிலும் கப்பலேறி வந்தவர்கள் நம் முன்னோர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு அவ்வாறு ஆளனுப்புவதைத் தடை செய்யும்வரை அந்த வருகை தொடர்ந்தது. அவர்கள் பெயர் தோட்டத்து 'செக்ரோல்' ஏட்டில் இருந்தது. அந்த ஏடுகளில் பெரும்பாலானவை கறையானுக்கு இரையாயின. ஆக, எஞ்சியிருப்பது வார்த்தவர் பெயர் மட்டும்.

இது ரப்பர்த் தோட்டத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. தமிழ்நாட்டிலேயே இப்படி ஓர் இரும்பாலை இருந்தது. கடலூர் மாவட்டத்தில் வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. அங்கே 1830ஆம் ஆண்டில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், ஐரோப்பிய முறையில் ஊதுலை அமைத்து இரும்பு உருக்கத் தொடங்கினார். அவர் கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னை ஆட்சிப் பணியில் இருந்தவர். தாது சேலம் வட்டாரத்திலிருந்து வந்தது; எரிபொருள் காட்டு மரத்தைச் சுட்டு எடுத்த கரி. காடு குறையக் குறையக் கரிக்கு அலைய வேண்டியதாயிற்று. நிலக்கரியில் உருக்கிய மலிவான ஆங்கிலேய இரும்போடு போட்டியிட முடியவில்லை. நிறுவனத்தின் பெயர் மாறியது, 1853ஆம் ஆண்டில் புதிய குழுமமும் அமைந்தது. ஆனாலும் அம்முயற்சி அந்நூற்றாண்டிலேயே அடங்கிப்போயிற்று. ஹீத் இங்கிலாந்துக்குத் திரும்பி, உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அது தொடர்பான வழக்கு நெடுங்காலம் நடந்தது. தீர்ப்பு முடியுமுன்பே அவர் காலமானார். அவர் பெயர் உலோகவியல் நூல்களில் நிலைத்துவிட்டது. சேலத்துத் தாதைத் தோண்டியவர், காட்டில் கரி சுட்டவர், உலைவாயில் நின்று வெந்தவர் ஆகியோரின் பெயர்களை நான் படித்த எந்த நூலிலும் காணவில்லை.

எங்கள் ஊருக்கு மேற்கே, யோங் பெங்கைத் தாண்டி, பத்து பகாட் மாவட்டத்தில் ஸ்ரீ மேடான் இருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் ஜப்பானியரான இஷிஹாரா ஹிரோயிச்சிரோ அங்கே இரும்புத்தாது வெட்டத் தொடங்கினார். ஜொகூர் மண்ணின் தாது கப்பலேறி ஜப்பானின் யவாத்தா எஃகாலைக்குப் போனது. 1901ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய அந்த யவாத்தா ஆலையின் பழைய கட்டடங்கள் 2015ஆம் ஆண்டில் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. ஆலைக்குச் சிறப்பு கிடைத்தது நல்லதே. தாது போன மலையைப் பற்றி ஜொகூரிலேயே எத்தனை மாணவர்களுக்குத் தெரியும்?

நாம் இரும்பைப் பற்றிப் பெருமை பேசாதவர்கள் அல்லர். 2025ஆம் ஆண்டு சனவரியில், சிவகளையில் கிடைத்த சான்றுகளின்படி தமிழ் நிலத்தில் இரும்பின் பழைமை கி.மு. நான்காம் ஆயிரமாண்டு வரை செல்கிறது என்று தமிழ்நாடு அரசு அறிவித்தபோது, இங்கேயும் எத்தனை புலனக் குழுக்களில் அச்செய்தி பறந்தது! நானும் மகிழ்ந்தேன்; வகுப்பில் சொன்னேன். ஐயாயிரம் ஆண்டு இரும்புக்கு மகிழ்கிற நாம், நம் பாட்டியின் கைபட்ட நூறாண்டு இரும்பு கிலோக் கணக்கில் எடை போடப்படும்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முன்னதைச் சொல்ல ஆய்வாளர் இருக்கிறார். பின்னதைச் சொல்ல நம்மைத் தவிர வேறு யார் இருக்கிறார்?

இந்த எண்ணத்தோடுதான் அந்த ஆலையின் படங்களை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, முன்பு உருளையில் வேலை செய்த ஒரு பாட்டியின் வீட்டுக்குப் போனேன். படம் பார்த்தால் மகிழ்வார் என்று எண்ணினேன். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தார்.

"இத எதுக்குத் தம்பி படம் பிடிச்சீங்க? எங்க அக்கா வெரலத் தின்ன மிஷினு இது."

நான் பேசவில்லை. அவரே சொன்னார். கட்டியை உருளைக்குள் தள்ளிக் கொடுக்கிற வேலை அக்காவுக்கு. கை வழுக்கியது. எஞ்சின் அறைக்குச் சத்தம் போட்டுச் சொல்லி நிறுத்துவதற்குள் இரண்டு விரல் போயிற்று. "மருந்து போட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சுப் புல்லு வெட்டுக்கு அனுப்பிட்டாங்க. அந்தக் கையோடயே நாலு புள்ளைங்கள வளத்தா" என்றார்.

தேநீர் வந்தது. குடித்துவிட்டுக் கிளம்பும் எண்ணத்தில் படங்களை எடுத்தேன். நிருவாகம் ஆலையைக் காலி செய்யப் போகிறது, ஒரு சிறிய கைச்சுற்று உருளையை மட்டும் பள்ளிக்குக் கேட்டிருக்கிறேன் என்பதை அவரிடம் சொல்லாமல் போவது முறையன்று என்று தோன்றியதால் சொன்னேன். வேண்டாம் என்பார் என எதிர்பார்த்தேன். பாட்டி சற்று யோசித்தார்.

"வெக்கிறதுன்னா வெய்யுங்க. ஆனா அக்கா பேரையும் எழுதி வெய்யுங்க."

பழைய இயந்திரத்தைக் காப்பது பற்றி நான் கேட்ட சொற்களில் இதைவிடத் தெளிவானது வேறில்லை. பாட்டியின் சொல் என் வேலையின் போக்கை மாற்றியது. அதுவரை நான் துருவின் நிறத்தையும் எழுத்தின் நிழலையும் தேடினேன். அதன்பின் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் நான்கு செய்திகளைத் தேடுகிறேன்: அது என்ன வேலை செய்தது, வேலை செய்தவர் அதை என்ன சொல்லால் அழைத்தார், அவர் பெயர் என்ன, அது அவருக்கு என்ன கொடுத்தது அல்லது அவரிடமிருந்து என்ன எடுத்தது. இயன்றால் அவரையே அதன் பக்கத்தில் நிறுத்திப் படமெடுக்கிறேன். எஞ்சின் ஓட்டிய பெரியவர் அந்த ரஸ்டன் எஞ்சினின் சக்கரத்தின்மேல் கைவைத்து நிற்கும் படம் என்னிடம் இருக்கிறது. படத்தில் அவர் கருவியைப் பார்க்கவில்லை, எஞ்சினைப் பார்க்கிறார்.

பெரிய பொருளைக் காக்கவே முடியாது என்று சிலர் சொல்வார்கள். பேராக்கில் பத்து காஜாவுக்கு அருகே தஞ்சோங் துவாலாங் ஐந்தாம் எண் ஈயக் கப்பல் நிற்கிறது. 1938ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. எடை ஏறத்தாழ 4,500 டன். சங்கிலியில் கோத்த இரும்பு வாளிகளால் குளத்தின் அடிமண்ணை அள்ளி, உள்ளேயே அலசி ஈயத்தைப் பிரித்தது. 1982ஆம் ஆண்டில் வேலை நின்றது. அக்கப்பலையே ஒரு காட்சியகமாகக் காத்து வைத்திருக்கிறார்கள். 4,500 டன்னைக் காக்க முடிந்த நாட்டில், ஒரு தோட்டத்துக்கு ஓர் உருளையைக் காக்க இடமில்லாமல் போகாது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குடும்பத்தோடு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

எங்கள் ஊர் ஆலையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். பழைய இரும்பு வியாபாரியின் லாரி வந்தது. எஞ்சினை அப்படியே தூக்க வழியில்லாததால் தீச்சுடரால் வெட்டித் துண்டாக்கினார்கள். பெரியவர் பார்க்க வரவில்லை. கைச்சுற்று உருளை ஒன்றைப் பள்ளிக்குக் கொடுக்க நிருவாகம் இசைந்தது. இன்று அது எங்கள் பள்ளியின் நடைவழியில் நிற்கிறது. பிள்ளைகள் விரலை விட்டுவிடாதபடி உருளைகளை அசையாமல் பூட்டியிருக்கிறோம். பக்கத்தில் ஒரு பலகை. உருளை எப்படி வேலை செய்தது என்று அதில் எழுதியிருக்கிறது. அதன்கீழ் அந்த ஸ்டோரில் வேலை செய்தவர்களில் நாங்கள் கேட்டறிந்த பெயர்கள் இருக்கின்றன. முதல் பெயர் பாட்டியின் அக்காவுடையது. குடும்பத்தார் விருப்பப்படி அப்பெயரை இங்கே எழுதவில்லை; பள்ளிக்கு வந்தால் படிக்கலாம். பலகையில் இன்னும் இடம் விட்டு வைத்திருக்கிறோம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்திலும் ஒரு ஸ்டோர், ஒரு புகைவீடு, ஒரு தண்ணீர் இயந்திரம் கிடக்கலாம். அனுமதி பெற்றுப் போங்கள், தனியாகப் போகாதீர்கள். பாம்பும் இடிந்த கூரையும் மக்கிய பலகையும் அங்கே உண்டு. எதையும் கழற்றி எடுத்து வராதீர்கள். விலை உயர்ந்த கருவி தேவையில்லை, கைப்பேசியே போதும். முழு இயந்திரத்தை ஒரு படம், எழுத்தை ஒரு படம், தேய்ந்த கைப்பிடியை ஒரு படம் எடுங்கள். பிறகு அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு, அங்கே வேலை செய்த ஒருவரின் வீட்டுக்குப் போங்கள். அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கசப்பாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள்.

இரும்பு இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கும். அதைத் தொட்டவர்களுக்கு எண்பது வயது ஆகிவிட்டது. முதலில் அவர்களிடம் போங்கள்.